வி.எஸ். கோடியத்தில் கோப்பு திறக்கும் சாளரம் வரவில்லையா?

லினக்ஸ் கணினியில், நிரல் எழுத உதவும் எடிட்டரான வி.எஸ். கோடியத்தின் ‘ஓப்பன் ஃபைல்’ கட்டளையைச் சொடுக்கியும் சாளரம் வராவிட்டால், கண்ட்ரோல் விசையுடன் காற்புள்ளியை அழுத்தி அமைப்புகளைத் திறந்து, ‘சிம்பிள் டயலாக்’ என்று தேடி, கிடைக்கும் ‘ஃபைல்ஸ்: சிம்பிள் டயலாக்: எனேபிள்’ என்ற பெட்டியில் குறியிடுங்கள். மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவ வேண்டியதில்லை.

வழக்கமான சாளரத்தை எடிட்டர் தானே வரைவதில்லை. இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. லினக்ஸில் இந்தக் கோரிக்கை பல வேளைகளில் ‘எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல்’ என்ற இடைச்சேவை வழியாகச் செல்வதால், அச்சேவையோ உங்கள் டெஸ்க்டாப் சூழலுக்குரிய அதன் துணைப்பொதியோ இயங்காதபோது சாளரம் தோன்றாமலே போகக்கூடும். மேற்சொன்ன அமைப்பு, எடிட்டருக்குள்ளேயே மேற்புறத்தில் ஓர் எளிய பட்டியலைக் காட்டி அந்த வழியைத் தவிர்த்துவிடுகிறது. அதில் பாதையை நேரடியாகத் தட்டச்சு செய்யலாம் என்பதால், கடலூர், புதுச்சேரிக் கல்லூரி ஆய்வகங்களின் பழைய கணினிகளில் சுட்டி தகராறு செய்தாலும் வேலை நிற்காது. எனக்கு இதுவே பெரிய வசதியாகப் படுகிறது.

பிரவுசரில் கோப்பைப் பதிவேற்றும்போதும் சாளரம் வராவிட்டால் இந்தக் குறிப்பு போதாது. போர்ட்டலின் துணைப்பொதியை நிறுவிக் கணினியில் மீண்டும் உள்நுழைய வேண்டும். கோப்புறை அனுமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட ஃப்ளாட்பேக் (மென்பொருளைத் தனித்த சூழலில் இயக்கும் பொதிமுறை) நிறுவலிலும், அனுமதியில்லாத கோப்புறைகளை இந்தப் பட்டியல் காட்டாது.