பின்னேரத்தில் மட்டும் கேட்காத போன்

ஒட்டுசுட்டானில் அம்மா தனிய இருக்கிறா. கண்புரையால் எண் பார்த்து அழுத்த ஏலாது. அதனால் "ஹே கூகுள்" என்று கூப்பிட்டு அழைப்பு எடுக்கிற மாதிரி அவவின் அண்ட்ராய்டு போனைச் செய்து குடுத்தேன். காலமையில் ஒழுங்காக வேலை செய்தது. பின்னேரம் எத்தனை தரம் கூப்பிட்டாலும் அசைவில்லை.

மூன்று நாள் போய்விட்டது. சிக்னல்தான் பிழை என்று முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அம்மாவின் குரலைத் திருப்பிப் பதிந்தேன், போனில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த தரவை (கேஷ்) அழித்தேன், சிம்மையும் கழற்றிப் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை.

ஆனால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூகுள் உதவியாளர் உடனே எழும்பியது. அப்படியென்றால் மைக்கும் டேட்டாவும் நல்லாத்தான் இருக்கு. கூப்பிடும் குரலுக்குக் காத்திருப்பதுதான் நின்றிருக்கிறது. அப்போதுதான் பேட்டரிக் குறிக்குள் ஒரு சின்னக் கூட்டல் அடையாளம் கண்ணில் பட்டது. பேட்டரி சேவர், அதாவது சார்ஜை மிச்சம் பிடிக்கிற அமைப்பு! 20 சதவீதத்தில் தானாகத் தொடங்கும்படி நான்தான் போட்டிருந்தேன். அது ஓடும்போது "ஹே கூகுள்" கேட்காது. அம்மா இரவில் மட்டும் சார்ஜ் போடுவா. நாள் முழுக்கப் போனில் ரேடியோ கேட்டால் பின்னேரம் 20க்குக் கீழே இறங்கிவிடும்.

செட்டிங்ஸில் பேட்டரிக்குள் போய், தானாகத் தொடங்குவதை நிறுத்தினேன். உடனே பதில் வந்தது. மத்தியானமும் ஒருக்கா சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறேன்.

போனில் ஆங்கில எழுத்தில் பதிந்திருந்த ஆட்களின் பெயர்களையும் தமிழில் மாற்றிவிட்டேன். நேற்றுப் பின்னேரம் அம்மாவே எனக்கு எடுத்தா. மனம் ஆறியது.