செட்டிநாட்டுத் தாவரத் தோட்டத்தில் தேனீக்களுக்கான செடிகள்

செட்டிநாட்டுச் செம்மண்ணில் தாவரத் தோட்டம் அமைப்போர் தேனீக்களுக்காகச் செடி தேரும்போது, பூவின் அழகைக் காட்டிலும் அது பூக்கும் மாதத்தையே முதலில் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் இங்கே குறைவில்லை. புத்தாண்டுப் பச்சடிக்கு வேப்பம்பூ சேர்க்கும் நாட்களில் புங்கமும் பூத்துக் கொட்டுகிறது, நாவலும் புளியும் அடுத்தடுத்து வருகின்றன. பஞ்சம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான்: பூந்தேன் நீர்த்துப்போகும், தேனீக்களும் கூட்டைவிட்டுப் பறக்க இயலாது. ஆகவே மழை ஓயும் சிறு இடைவெளியிலும் கூட்டருகே இரை கிடைக்கும்படி நடுவதே பெரிய உதவி.

அதற்கு, ஆடியில் துளசி நாற்று விட்டால் ஐப்பசியில் கதிர் விடும். வேலியில் கொடிரோஜாவை (ரோஜா அல்ல, ஆன்டிகோனான் என்னும் பூங்கொடி) படர விடலாம். மழைக்குப் பின் தானே முளைக்கும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் களையென்று முழுவதும் பிடுங்கிவிடாமல் ஒரு மூலையிலாவது விட்டுவைக்க வேண்டும். பார்வையாளர் கண்ணுக்குத் தோட்டம் துப்புரவாகத் தெரிய வேண்டும் என்ற அக்கறை, பல இடங்களில் தேனீக்களின் உணவைத்தான் முதலில் பறிக்கிறது.

மகரந்தத்தைத் தனியே கணக்கிட வேண்டும், ஏனெனில் புழுக்கள் வளர்வதற்கான புரதம் அதிலிருந்தே கிடைக்கிறது. மாதம் ஒரு பாளை வெடிக்கும் தென்னை ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். மக்காச்சோளத்தையும் கம்பையும் பதினைந்து நாள் இடைவெளியில் சிறு பாத்திகளாக விதைத்தால் மகரந்த வரத்து தொடரும். இவ்விரு பயிர்களிலும் தேன் இல்லை. நம் மண்ணுக்கே உரிய ஆவாரையிலும் தேன் இல்லை. அதன் மகரந்தப்பை நுனித் துளையால் திறப்பதால், பூவை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் தச்சன் வண்டுக்கே அது பெரிதும் பயன்படுகிறது. ஆவாரையை நடுங்கள், ஆனால் தேனீப் பட்டியலில் எண்ணாதீர்கள். தேன் தருகிறதே என்று சீமைக் கருவேலுக்கும் இடம் கொடுக்க வேண்டாம். அது மற்றச் செடிகளை ஒடுக்கிவிடும்.

ஒரு பயணத்தில் தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடுவதால், வகைக்கு ஒரு செடியாகச் சிதறாமல், ஒவ்வொன்றையும் குறைந்தது 1 சதுர மீட்டர் பரப்பில் கூட்டமாக நட வேண்டும். அடுக்கு இதழ்ப் பூக்களைத் தவிர்க்கலாம். கூழாங்கல் இட்ட ஆழமற்ற தட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். பூத்திருக்கும் செடிக்குப் பூச்சிக்கொல்லி அடிக்கவே கூடாது.

பெயர்ப்பலகையில் தாவரப் பெயரோடு, தேன் தருவதா, மகரந்தம் தருவதா, எந்த மாதத்தில் என்பதையும் எழுதி, முதல் மொட்டு விரிந்த நாளை ஆண்டுதோறும் பதிவேட்டில் குறித்து வந்தால், பூவே இல்லாத வாரங்கள் எவை என்று அடுத்த ஆடி நடவுக்குள் தெரிந்துவிடும்.