லேண்ட்லைன் பிராட்பேண்ட் மெதுவாக ஓடுகிறதா? கோளாறு கம்பியில் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

தோட்டத்துச் சாளைக்கு ஃபைபர் இன்னும் வந்து சேரவில்லை, பழைய செம்புக் கம்பியில்தான் இன்டர்நெட் ஓடுகிறது என்றால், வேகம் குறைந்ததும் மோடத்தின் மேல்தான் சந்தேகம் போகும். கம்பியில் இருக்கும் கோளாறு மோடத்தை மாற்றினால் போகாது. அது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். லேன் கேபிள் ஒன்று, சாதாரண தொலைபேசி ஒன்று, சின்ன ஸ்க்ரூடிரைவர், குறித்துக்கொள்ள ஒரு நோட்டு, இவ்வளவு போதும்.

முதலில் வைஃபையை ஒதுக்குங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு மாட்டி, மற்ற போன், டி.வி. எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு வேகம் பாருங்கள். இப்போது சரியாக வந்தால் கம்பியில் குறை இல்லை, மோடத்தை வீட்டின் நடுவில் உயரமாக வைத்தாலே தீரும். பிளானுக்கு உரிய டேட்டா தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட், அதனால் 8 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) பிளானில் டவுன்லோட் நொடிக்கு 1 எம்.பி.யைத் (மெகாபைட்) தாண்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்துக்குள் போங்கள். பெரும்பாலான மோடங்களுக்கு இதுதான் முகவரி. ஸ்டேட்டஸ் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் (உங்களுக்கு வரும் திசை) வரிசையில் உள்ள நான்கு எண்களை நேரத்தோடு எழுதுங்கள்: சிங்க் வேகம் (மோடமும் எக்ஸ்சேஞ்சும் ஒத்துக்கொண்ட வேகம்), அட்டென்யுவேஷன், எஸ்.என்.ஆர். மார்ஜின், சி.ஆர்.சி. பிழைகள் (வழியில் கெட்டுப்போன டேட்டாவின் எண்ணிக்கை).

அட்டென்யுவேஷன் கம்பியின் நீளத்தைக் காட்டும். 0.5 மி.மீ. செம்பில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் சிக்னல் தேயும். 28 என்றால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியாக 2 கிலோமீட்டர் என்று வையுங்கள். செம்புக் கம்பியில் இன்டர்நெட் ஓட்டும் ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் முறையின் உச்சம் 24 எம்.பி.பி.எஸ்., ஆனால் 3 கிலோமீட்டரில் 8, 4 கிலோமீட்டரில் 4 அல்லது 5 கிடைத்தாலே நல்ல லைன். எக்ஸ்சேஞ்ச் வரை வண்டியில் ஒரு நடை போய்வந்து மீட்டரைப் பாருங்கள். தூரம் 2 கிலோமீட்டர், எண் மட்டும் 50 என்றால் நடுவில் ஏதோ ஜாயின்ட் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எஸ்.என்.ஆர். மார்ஜின் இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்று சொல்லும். 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுந்து ஒட்டும். 10க்கு மேல் நிம்மதி. மார்ஜின் 25, 30 என்று தாராளமாக இருந்தும் சிங்க் 2048 கே.பி.பி.எஸ். போன்ற முழு எண்ணிலேயே நின்றால், எக்ஸ்சேஞ்சில் உங்கள் போர்ட்டுக்கு அந்த வேகத்தையே வரம்பாக வைத்திருக்கிறார்கள். பிளானுக்குத் தக்கபடி மாற்றச் சொல்லுங்கள், கம்பியைத் தொட வேண்டாம். சிங்க் மாறாமல் இரவு 7 மணிக்கு மேல் மட்டும் வேகம் படுத்தால் அது நெரிசல், அதற்கும் கம்பி காரணமில்லை.

இனி முக்கியமான சோதனை. வெளியிலிருந்து வரும் டிராப் வயர் வீட்டில் முதலில் வந்து முடியும் ரோசெட் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து உள்ளே போகும் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர்கூட இல்லாமல், ஒரு மீட்டர் கம்பியில் மோடத்தை நேராக மாட்டுங்கள். மாட்டும்போது மோடம் ஆஃபில் இருக்கட்டும், இடி மின்னல் நேரத்தில் தொடவே கூடாது. லைனில் எப்போதும் 48 வோல்ட் இருக்கும், மணி அடித்தால் இன்னும் அதிகம், விரலில் சுரீர் என்று அடிக்கும். மாட்டி முடித்ததும் மோடத்தை ஆன் பண்ணி, பத்து நிமிடம் கழித்து எண்களை மறுபடி எழுதுங்கள். சிங்க்கும் மார்ஜினும் நன்றாக ஏறியிருந்தால் குற்றம் வீட்டுக்குள். மாறவே இல்லை என்றால் வெளியில்.

வீட்டுக்குள் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். ஒன்று, ஸ்பிளிட்டர் இல்லாமல் நேராக மாட்டிய தொலைபேசி. மாடியில் எடுக்கப்படாத பழைய காலர் ஐ.டி. பெட்டி ஒன்று இருந்தாலும் போதும். இரண்டு, எதுவுமே மாட்டாமல் தொங்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி. அதன் முனையில் மோதித் திரும்பும் சிக்னல் நல்ல சிக்னலைக் குலைக்கும். சுருட்டி வைத்தால் பயனில்லை, ரோசெட்டிலிருந்தே கழற்றுங்கள். மூன்று, சுவரோரம் ஓடும் தட்டைக் கம்பி. முறுக்கிய ஜோடிக் கம்பியாக மாற்றி, கரன்ட் வயரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி ஓட்டுங்கள்.

ஜாயின்ட்டைக் காதாலேயே பிடிக்கலாம். தொலைபேசியை எடுத்து ஒரே ஒரு எண்ணை அமுக்குங்கள். டயல் டோன் நின்றதும் நிசப்தமாக இருக்க வேண்டும். கரகர என்றோ, எண்ணெயில் கடுகு பொரிவதுபோலோ கேட்டால் ஈரம் அல்லது களிம்பு. கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடத்தைப் பிரித்துப் பாருங்கள்: டேப்பின் பசை உருகி, உள்ளே செம்பு கறுத்து, ஓரத்தில் பச்சைப் பொடி படிந்திருக்கும். சுரண்டி மறுபடி முறுக்கினால் அடுத்த மழைவரைதான் தாங்கும். வெட்டிவிட்டுப் பளபளக்கும் புதுச் செம்பை ஜெல் நிரப்பிய கனெக்டரில் அழுத்துங்கள். பேச்சே வராமல் இன்டர்நெட் மட்டும் தட்டுத்தடுமாறி ஓடினால், இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம்.

ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரெதிரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் டிராப் வயர் தென்னை மட்டையில் உராய்ந்து தோல் தேயும். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கும்போதுதான் அது தெரியவரும். மழையில் மோசமாகி வெயில் ஏறியதும் தானாகச் சரியாகும் லைனில் கேபிளுக்குள் தண்ணீர் நிற்கிறது. சரியாகிவிட்டதே என்று விடாமல், மழை பெய்யும்போதே எண்களைக் குறித்துவையுங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் நேரத்திலோ, போர் மோட்டார் போட்டதுமோ சி.ஆர்.சி. மளமளவென ஏறினால் அது மின் இரைச்சல். ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் 2,200 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது, மீடியம் வேவ் ரேடியோவும் அதற்குள்தான் வருகிறது. அதனால் பேட்டரி ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்து, மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு என்று ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோங்கள். எதன் அருகில் இரைச்சல் ஓங்குகிறதோ, அதிலிருந்து லைன் கம்பியைத் தள்ளிவையுங்கள்.

மோடத்தின் ரீசெட் துளையை மட்டும் குத்த வேண்டாம். பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்துபோகும், பி.எஸ்.என்.எல். இணைப்பு என்றால் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்ற லைன் அமைப்பு எண்களையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

கோளாறு வெளியில் என்றால், பல வீட்டுக் கம்பிகள் பிரியும் டி.பி. பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது, அது லைன்மேன் வேலை. புகாரில் "ஸ்லோவாக இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். "ரோசெட்டில் நேராக மாட்டியும் அட்டென்யுவேஷன் 50, மார்ஜின் 5, போனில் கரகரப்பு, மழையில் அதிகம்" என்று சொல்லுங்கள். டி.பி.யில் வேறு ஜோடிக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்ததும், லைன்மேன் கிளம்புவதற்கு முன்பே ஒரு எண்ணை அமுக்கி நிசப்தம் கேட்கிறதா பாருங்கள், மோடத்தின் எண்களைப் பழைய குறிப்போடு வைத்து அவரிடமும் காட்டுங்கள்.