மாரத்தான் ஓடுகிறவரை உற்சாகப்படுத்தப் போகிறீர்களா? பாட்டிலை இறக்கி வையுங்கள்

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் கத்தி உற்சாகப்படுத்தச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்ஸிங் மேடையோரம் பழகின தொண்டைகள். ஆனால் அங்கே 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு; இங்கே 42.195 கிலோமீட்டர், 5 மணி நேரம். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் செய்த அதே தப்புகளைச் செய்கிறார்கள். சீக்கிரம் கிளம்பு, போனை சார்ஜ் போடு என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

கணக்குப் போடாமல் போய் நிற்பது

கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 10-வது கிலோமீட்டரில் 1 மணி 10 நிமிடம், 30-வதில் மூன்றரை மணி. கூட்டத்தில் பின்னால் நிற்பவர் தொடக்கக் கோட்டைத் தாண்டவே சில நிமிடம் ஆகும், அதையும் கூட்டுங்கள். 30-க்கு மேல் வேகம் குறையும்; இன்னும் 15 நிமிடம் பொறுங்கள். நீங்கள் நிற்கப்போவது அவருக்கு இடது கைப் பக்கமா, வலது கைப் பக்கமா என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கடற்கரைச் சாலையை மூடினால் பைக் மாட்டிக்கொள்ளும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி, வாலாஜா சாலை வழியாக மெரினாவுக்கு நடந்துவிடலாம்.

தண்ணீரைத் திணிப்பது

எரிச்சல் மூட்டுவது இதுதான். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு சொந்தக்காரர், ஆளுக்கொரு பாட்டில். "ண்ணா, மூஞ்சியே காஞ்சி கெடக்குது, ஒரு வாய் குடிண்ணா!" அவர் கையாட்டி மறுத்தாலும் மூடியைத் திறந்து வாயருகே நீட்டுவார்கள். வழியெல்லாம் தண்ணீர் மேஜை இருப்பது கண்ணில் படாது.

மெதுவாக, நெடுநேரம் ஓடுகிறவருக்கு அளவுக்கு மீறிய தண்ணீர் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. உள்ளே சேருவதோ வெறும் தண்ணீர். ஓடும்போது சிறுநீரகம் மிச்சத்தை எளிதில் வெளியேற்றாது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். ரொம்பவும் இறங்கினால் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, உளறல், மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம். பார்த்தால் வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். உடனே வீட்டார் இன்னொரு பாட்டிலைத் திறக்கிறார்கள். வலிப்பு வரை போவது இப்படித்தான்.

"எலக்ட்ரால் கலந்துதானே குடுக்குறோம்" என்பார்கள். அந்த உப்பு-சர்க்கரைப் பொடியின் பெரிய பாக்கெட்டை 1 லிட்டரில் சரியாகக் கலந்தாலும் அதில் சோடியம் 75 மில்லிமோல், ரத்தத்தில் இருப்பதில் பாதிதான். கண்ணளவில் 2 லிட்டரில் கரைத்தால் அதுவும் பாதியாகிவிடும்.

மூடியைத் திறக்காமல் பாட்டிலை இடுப்போரம் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் என்று அவர் கை நீட்டினால் கொடுங்கள். வெயில் ஏறினால் தலையிலும் பிடரியிலும் ஊற்றலாம், அவரைக் குனியவைத்து; ஷூவுக்குள் இறங்கினால் கொப்புளம். பேச்சு தடுமாறுகிறதா? தெருப்பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோங்கள், அது தூரமென்றால் 108. எவ்வளவு குடித்தார் என்பதையும் சொல்லுங்கள்.

"இன்னும் கொஞ்சம்தான்!"

32-வது கிலோமீட்டரில் வேண்டாம். மிச்சமிருப்பது வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் மெட்ரோ தூரத்தைவிட அதிகம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும்.

கூடவே ஓடுவது

பின்னால் வருகிறவர் உங்கள் காலில் இடறுவார்.

முடித்ததும் உட்காரவைப்பது

சட்டென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலை சுற்றும். 10 நிமிடம் மெதுவாக நடக்கவிடுங்கள். கண் இருட்டினால் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். கூட்டத்தில் போன் கிடைக்காது, சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள். உலர்ந்த பனியனோடு, வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிய ஹவாய் செருப்பும் பையில் இருக்கட்டும், கால் வீங்கியிருக்கும்.