தமிழ் விக்கிப்பீடியாவில் சுற்றுக்காவல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலிருந்து ஊதியம் பெறாத தன்னார்வலர்களால் எழுதப்பட்டும் காக்கப்பட்டும் வருகிறது. பிறர் செய்யும் மாற்றங்களைக் கவனித்து, தவறானவற்றை நீக்கும் பணியே சுற்றுக்காவல். விசமத் தொகுப்பு (கட்டுரையைக் கெடுக்கும் நோக்கில் செய்த மாற்றம்) ஒன்றை நீக்கப் பெரிய திறமை தேவையில்லை. நல்லெண்ணத்தோடு வந்த புதியவரை விரட்டிவிடாமல் அதைச் செய்வதும், நாமே சலித்து ஒதுங்கிவிடாமல் தொடர்வதும்தான் கடினம்.

முதலில் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, உங்களுக்கு நன்கு தெரிந்த துறையில் இருபது, முப்பது கட்டுரைகளை மட்டும் கவனிப்புப் பட்டியலில் (நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டுரைகளில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் பட்டியல்) சேருங்கள். எல்லாக் கட்டுரைகளிலும் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கம் முழுவதையும் எடுத்த எடுப்பிலேயே காவல் காக்க முயல வேண்டாம்.

அடுத்து, மாற்றத்தைத் திறந்து பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிடுங்கள். பட்டியலில், நீக்கப்பட்ட உரையின் அளவைக் காட்டும் பெரிய கழித்தல் எண்ணைக் கண்டவுடன் யாரோ கட்டுரையைச் சிதைத்துவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது; பதிப்புரிமையுள்ள பத்தியை ஒருவர் பொறுப்போடு நீக்கியிருக்கலாம். வாழும் நடிகர் ஒருவரின் கட்டுரையில் சான்றில்லாமல் இறந்த நாள் சேர்க்கப்பட்டிருந்தால் உடனே நீக்குங்கள். ஒரு சிற்றூரின் மக்கள்தொகை மாற்றப்பட்டிருந்தால், அந்த ஊர்க்காரரே திருத்தியிருக்கக்கூடும் என்பதால், முதலில் சான்று கேளுங்கள்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். மாற்றத்தை மீளமைத்தால் (பழைய பதிப்புக்கே திருப்பினால்), தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் சிறு குறிப்பில்) காரணத்தை எழுதுங்கள். பிறகு அந்தப் பயனரின் பேச்சுப் பக்கத்துக்குச் சென்று, வார்ப்புரு எச்சரிக்கையை (எல்லோருக்கும் ஒரே மாதிரி இடும் ஆயத்த வாசகத்தை) ஒட்டாமல், உங்கள் சொற்களில் ஒரு குறிப்பு இடுங்கள். எடுத்துக்காட்டாக: “வணக்கம். நீங்கள் சேர்த்த பத்தி நாளிதழில் வந்த அதே சொற்களில் இருப்பதால், பதிப்புரிமை கருதி நீக்கியுள்ளேன். அந்தச் செய்தியை உங்கள் நடையில் எழுதி, நாளிதழைச் சான்றாகக் காட்டினால் கட்டுரை வளம்பெறும்.” கல்லூரிப் பயிலரங்கிலிருந்து ஒரே நாளில் பலர் வந்து இதே பிழையைச் செய்யும்போது, இப்படி ஒவ்வொருவருக்கும் எழுதுவது அலுப்பூட்டும் என்பது உண்மையே. ஆனாலும், முதல் கட்டுரை காரணம் சொல்லப்படாமல் மறைந்துவிட்ட ஒருவர் மீண்டும் வந்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

சாதி, கட்சி, திரை நட்சத்திரங்கள் தொடர்பான கட்டுரைகளில் பூசல் மூளும். ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒரே பக்கத்தில் 24 மணிநேரத்துக்குள் மூன்று முறைக்குமேல் மீளமைப்பவர் தடைசெய்யப்படலாம். நீங்கள் இரண்டாவது முறையோடு நிறுத்திக்கொண்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றுகளை முன்வையுங்கள். அப்போதும் ஓயாவிட்டால், அந்த விவாதத்தில் பங்கேற்காத நிர்வாகி ஒருவரிடம் பக்கத்தைச் சில நாள்களுக்குப் பூட்டிவைக்குமாறு கேளுங்கள்.

வசைக்குப் பதில் வசை வேண்டாம். உங்கள் இயற்பெயர், ஊர், பணியிடம் ஆகியவற்றைப் பயனர் பக்கத்தில் எழுதுவதற்கு முன் நன்கு யோசியுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் மிரட்டலையோ தற்கொலைக் குறிப்பையோ கண்டால், தனியாக ஆராய்ந்துகொண்டிருக்காமல், விக்கிமீடியா அறக்கட்டளையின் அவசரகால மின்னஞ்சலுக்கு உடனே தெரிவியுங்கள். அதைக் கையாள ஊதியம் பெறும் பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தச் சுமை தன்னார்வலர் சுமக்க வேண்டியதே அன்று.

கடைசியாக, இதற்கென நாளில் ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். தேர்வு, திருமணம், உடல்நலக்குறைவு என எதற்காக விலகியிருக்க நேர்ந்தாலும், நீங்கள் கவனித்துவரும் சிக்கலான கட்டுரைகளின் பட்டியலை, பயனர்கள் பொதுவாகக் கலந்துபேசும் பக்கமான ‘ஆலமரத்தடி’யில் இட்டு, அவற்றை வேறொருவர் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.