வாடகைக்கு விட வீடு வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று போர்ஷனாக வாடகைக்கு விடலாம் என்று யோசனை கேட்டு இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். செல்போனில் கணக்கு தயாராக இருக்கும்: மாத வாடகை, பெருக்கல் பன்னிரண்டு. நானும் அந்தக் கணக்கோடுதான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன் என்பதால் சிரிக்க மனம் வராது. ஆதார் நகல் வாங்கு, ஒப்பந்தம் எழுது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

விற்பவர் காட்டும் வரி ரசீதைப் பார்த்து மயங்குவது

என் அக்கா மகன் அம்பத்தூரில் ஒரு மாடி வீடு வாங்கினான். கீழே ஒரு குடித்தனம், மேலே இரண்டு. தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் சுத்தம். வக்கீலும் பார்த்துவிட்டார். பத்திரப் பதிவு முடிந்த பிறகு சொத்து வரி ரசீதை என்னிடம் நீட்டி, "பாருங்க மாமா, வரி எவ்வளவு கம்மி!" என்றான்.

அந்தக் கம்மிதான் எனக்கு உறுத்தியது. மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டுக்கு அரையாண்டு வரி சில நூறு ரூபாயில் எப்படி முடியும்? வரி விதிப்பு எண்ணை வைத்து விவரத்தை எடுத்துப் பார்த்தோம். கீழ்த்தளம் மட்டும்தான் கணக்கில் இருந்தது. மாடி என்று ஒன்று இருப்பதே மாநகராட்சி ஏட்டில் இல்லை.

வரியில் பெயர் மாற்ற மனுக் கொடுத்ததும் டேப்போடு வந்து அளந்தார்கள். மாடி எப்போது கட்டியது என்று கேட்டார்கள். "தெரியாது" என்றான். மாடி போர்ஷன்களுக்கு மின் இணைப்பு வாங்கிய தேதி ஈபி பதிவிலேயே இருந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது? வரி பல மடங்கானது, போன வருடங்களுக்கான வித்தியாசமும் சேர்ந்து வந்தது. விற்றவருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் "நான்தான் பாக்கியில்லாமல் கட்டிக் கொடுத்தேனே" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

எனக்கு எரிச்சல் இங்கேதான். ரசீதில் நிலுவை இல்லை என்றால், விதித்த வரியில் நிலுவை இல்லை என்று மட்டுமே அர்த்தம். விதிக்காமல் விட்ட வரியைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது. வில்லங்கச் சான்றிதழும் சொல்லாது. பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும், மாநகராட்சி பாக்கி வராது. ஆனால் சொத்து வரி சட்டப்படி அந்தச் சொத்தின் மேலேயே நிற்கும் பொறுப்பு. வீடு யார் கைக்கு மாறுகிறதோ அவர் வாசலில்தான் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது, 2011-ல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு என்று அடுக்கு வைத்தார்கள். பழைய சென்னைப் பகுதியில் இதுவே 50, 75, 100, 150. ஏட்டில் 700 சதுர அடியாக இருந்து, அளந்தால் 1,900 வரும் வீட்டை யோசித்துப் பாருங்கள். பரப்பும் கூடுகிறது, அடுக்கும் தாவுகிறது.

ஆகவே டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வரி விதிப்பு எண்ணை வாங்கிக்கொண்டு, ஏட்டில் உள்ள பரப்பு, தளம், பயன்பாடு மூன்றையும் நேரில் இருக்கும் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், மறு மதிப்பீடு செய்து வரியைக் கட்டிய பிறகுதான் பத்திரம் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவர் முறைத்தால் விலையில் பிடித்துக்கொள்ளுங்கள். குடிநீர் வாரிய வரியும் தனி ரசீது, தனி பாக்கி; அதையும் கேளுங்கள். மாடிக்கு வரைபட அனுமதி உண்டா என்பது இன்னொரு பெரிய தலைவலி, அதை வக்கீலிடம் விட்டுவிடுகிறேன். வரி ரசீது இருப்பதாலேயே அனுமதி பெற்ற கட்டடம் என்று ஆகிவிடாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிவருபவர் கொடுத்த அட்வான்ஸை எடுத்து டைல்ஸ் போடுவது

அது உங்கள் பணம் இல்லை.

முன் அறையைத் தையல் கடைக்கு விடுவது

வாடகை கொஞ்சம் கூட வரும். ஆனால் வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தினால் அபராதம், சொத்து வரியிலும் அந்த அறை கடைக் கணக்குக்குப் போகும். இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

வாடகை முழுதும் லாபம் என்று நினைப்பது

குடித்தனம் மாறும்போது ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும். வெள்ளையடிக்க வேண்டும். மோட்டார் காயில் போகும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போகும். வருமான வரிக்காரர்களோ இந்த பில்களைப் பார்ப்பதே இல்லை. வருட வாடகையில், நீங்கள் கையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழிப்பார்கள். மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு என்று கழிப்பார்கள். வாடகை 3 லட்சம், கட்டிய வரி 12,000 என்றால் மீதி 2,88,000. அதில் 30 சதவீதம் 86,400 போக 2,01,600 உங்கள் வருமானத்தில் சேரும். நீங்கள் மராமத்துக்கு ஒரு லட்சம் செலவழித்திருந்தாலும் இதே தொகைதான். ஒன்றுமே செலவழிக்காவிட்டாலும் இதேதான்.

கடன் வட்டியைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று கடன் வாங்குவது

பழைய வருமான வரி முறையில், வாடகையை மிஞ்சும் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் வாடகைக்கு எதிராக மட்டும்தான் வட்டி கழியும். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளப் பக்கம் தள்ள முடியாது. 2023-24 முதல் நீங்களாக மாற்றாவிட்டால் புதிய முறைதான். வங்கி ஏஜெண்ட் இதைச் சொல்ல மாட்டார்.

காலி செய்யும் நாளில் மீட்டரைப் பார்க்காமல் விடுவது

ஈபி இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. குடியிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கட்டப்போவது யார்?

சொத்து வரியை மார்ச் தாண்டித் தள்ளுவது

சென்னையில் முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் இரண்டாவதை அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். தள்ளிப்போட்டால் அபராத வட்டி. அதோடு, சொத்து வரியை எந்த நிதியாண்டில் கட்டினீர்களோ அந்த ஆண்டு வாடகையில்தான் கழிக்க முடியும். ரசீதை உங்கள் பெயரிலேயே வாங்கி வையுங்கள். "வரியை நீயே கட்டிக்கோ, வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று குடியிருப்பவரிடம் ஒப்பந்தம் பேசினால், வரியைக் கட்டியவர் அவர், நீங்கள் அல்ல.