ஏற்காட்டு ஈரத்திலிருந்து மீட்ட நோட்டுகள்

இருபது வருடமாகத் தோன்றியதையெல்லாம் எழுதிவைத்த பதினாறு நோட்டுகள். 1935-இல் தொடங்கிய சேலம் சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு பற்றி ஒரு பக்கம், அடுத்ததில் அம்மாவின் மாங்காய் ஊறுகாய், அப்புறம் சேர்வராயன் கோயிலின் மே மாதத் திருவிழா. போன ஐப்பசியில் திரும்பப் படிக்க எடுத்தேன். பூஞ்சை! 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில், மழையில் நனைந்த சுவரை ஒட்டி பீரோவை வைத்தது என் தவறு.

வெயிலில் போடவில்லை, மை வெளுத்துவிடும், தாள் முறுகும். நோட்டுகளை விசிறி போல விரித்து நிற்க வைத்து, மின்விசிறிக் காற்றை நேராகப் படாமல் ஓடவிட்டேன். பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, ஈரமானதும் மாற்றினேன். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். நான்கு நாளில் காய்ந்தன. பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டினேன். ஈரத்தோடு தேய்த்தால் தாளுக்குள்ளேயே அப்பிக்கொள்ளும். பேனா மையில் எழுதிய இரண்டு நோட்டுகள் கலங்கிவிட்டன. பால்பாயிண்ட் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித் தப்பிய ஒரு நோட்டில்தான் அந்த ஊறுகாய்ப் பக்குவம் இருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. நோட்டுகளுக்கு எண் போட்டு, எது எங்கே என்று தனியாக ஒரு பட்டியலும் எழுதிவருகிறேன்.